ஸ்டார் பிளேயரை எப்போ உள்ள வைக்கணும், எப்போ வெளிய எடுக்கணும்? – வாசகர் ஹாக்கி கேள்வி பதில்

இந்த வாரம் வந்த கேள்விங்கள்ல பாதிக்கு மேல ஒரே விஷயத்தை சுத்தித்தான் இருக்கு, மேட்ச் முடியுற நேரத்துல டீமோட முக்கியமான ஆளை உள்ள வச்சு ஆடுறதா, இல்ல வெளிய எடுத்து காப்பாத்துறதான்னு. அதனால மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளி வச்சுட்டு இதை மட்டும் எடுத்துக்கறேன்.

கேள்வி: சார், நான் கோவில்பட்டி பக்கம் ஒரு ஸ்கூல்ல பி.டி. மாஸ்டர். போன மாசம் ஒரு டோர்னமென்ட்ல லீக் மேட்ச், 3-0ன்னு நாங்க முன்னாடி இருந்தோம், இன்னும் ஆறு நிமிஷம் பாக்கி. எங்க சென்டர் ஹாஃப் பையன் தொடை பின்னாடி பிடிக்குதுன்னு சொன்னான், ஆடிடுவியான்னு கேட்டேன், ஆடுறேன் சார்னான், விட்டுட்டேன். ரெண்டு நிமிஷத்துல சுருண்டு விழுந்துட்டான். மறுநாள் செமிஃபைனல்ல அவன் இல்லாம தோத்தோம். பெத்தவங்க என்னைத்தான் குத்தம் சொல்றாங்க. பெரிய கோச்சுங்களே இப்படித்தானே பண்றாங்க? இந்திய டீம் மிட்ஃபீல்டர் ஹர்திக் சிங்குக்கு நடக்கலையா?

பதில்: கோவிச்சுக்காதீங்க மாஸ்டர், 3-0ல ஆறு நிமிஷம் இருக்கும்போது, அதுவும் பையன் வாயைத் திறந்து சொன்ன பிறகு, அவன் உள்ள இருந்தது தப்புதான். ஆனா ஹர்திக் கதையை நீங்க இழுத்ததால அதையே எடுத்துப் பேசுவோம், ஏன்னா ரெண்டும் வெளிப்பார்வைக்குத்தான் ஒண்ணு, உள்ள போய் பார்த்தா வேற வேற.

2023 ஜனவரி, ஒடிசாவுல உலகக்கோப்பை. ரூர்கேலாவுல முதல் மேட்ச்ல ஸ்பெயினை 2-0ன்னு ஜெயிச்சோம், அதுல ஹர்திக் தனியாளா பந்தை எடுத்துட்டு டிக்குள்ள (கோல் போஸ்டுக்கு முன்னாடி இருக்கிற அரைவட்டம்) புகுந்து போட்ட கோல் இன்னும் கண்ணுல நிக்குது. ரெண்டாவது மேட்ச் இங்கிலாந்து, 15ஆம் தேதி, 0-0. அந்த மேட்ச்லதான் ஆட்டம் முடியப்போற கட்டத்துல அவருக்கு ஹாம்ஸ்ட்ரிங் (தொடை பின்பக்கத் தசை) போச்சு. வேல்ஸ் மேட்ச்ல உட்கார வச்சாங்க, ஸ்கேன் எடுத்துப் பார்த்தாங்க, கடைசியில 21ஆம் தேதி டோர்னமென்டுலேர்ந்தே வெளியன்னு அறிவிச்சாங்க. மறுநாள் நியூசிலாந்து கூட கிராஸ்ஓவர் மேட்ச், ஜெயிச்சாதான் காலிறுதி. 2-0ன்னு முன்னாடி, அப்புறம் 3-1ன்னு முன்னாடி, நடுவுல பந்தைப் பிடிச்சு வேகத்தைக் குறைச்சு ஆட ஆள் இல்லாம 3-3 ஆகி ஷூட்அவுட்ல தோத்தோம். அந்த ஷூட்அவுட்லயே கீப்பர் ஸ்ரீஜேஷுக்கும் அடிபட்டு இன்னொரு கீப்பர் கிருஷன் பாதக் வந்து நின்னாரு. கோச் கிரஹாம் ரீட் அந்த டோர்னமென்ட் முடிஞ்சதும் ராஜினாமா பண்ணிட்டாரு.

அப்போ இங்கிலாந்து மேட்ச்ல ஹர்திக்கை கடைசி வரைக்கும் ஆட விட்டது தப்பான்னு கேட்டா, நான் இல்லைன்னுதான் சொல்வேன். ஏன்னா அந்த மேட்ச்ல ஒரே ஒரு கோல் விழுந்திருந்தா குரூப்ல முதலிடம், நேரா காலிறுதி, அந்த நியூசிலாந்து மேட்ச்சே ஆட வேண்டியதில்லை. கோல் விழாததால என்ன ஆச்சு, நமக்கும் இங்கிலாந்துக்கும் தலா 7 பாயின்ட், முதலிடம் வேணும்னா வேல்ஸை எட்டு கோல் வித்தியாசத்துல அடிக்கணும்ங்கிற நிலைமை, நாம ஜெயிச்சது 4-2. அதாவது அந்த 0-0ல கடைசி சில நிமிஷம் ஒரு முழு மேட்ச்சோட மதிப்பு உள்ளது. அந்த மாதிரி நேரத்துல உங்க பெஸ்ட் மிட்ஃபீல்டரை பெஞ்சுல வச்சுட்டு டிரா ஆனா அதையும் மன்னிக்க மாட்டாங்க, மன்னிக்கவும் கூடாது.

உங்க 3-0 அப்படியா? அந்த ஆறு நிமிஷத்துல அவன் இருந்தாலும் ஜெயிக்கிறீங்க, இல்லாட்டியும் ஜெயிக்கிறீங்க, அவன் இருந்து கிடைக்கப்போற லாபம் ஒண்ணுமே கிடையாது. லாபம் இல்லாத இடத்துல எவ்வளவு சின்ன ஆபத்தும் பெரிய ஆபத்துதான்.

இன்னொரு விஷயம், இது உங்களுக்கு மட்டும் இல்ல, கோச் பண்ற எல்லாருக்கும். "ஆடிடுவியா?"ன்னு பையன்கிட்ட கேக்கவே கேக்காதீங்க. நல்ல பிளேயர் எவனும் அதுக்கு முடியாதுன்னு சொன்னதில்ல, அப்படி சொல்ற மனசு இருந்தா அவன் உங்க டீமோட பெஸ்ட் பிளேயராவே ஆகியிருக்க மாட்டான். கேள்வி கேட்டதும் நீங்க முடிவை அவன் தலையில தூக்கி வச்சுட்டீங்க. பதினாறு வயசுப் பையன் எடுக்கிற முடிவா அது? வாயைப் பார்க்காம காலைப் பாருங்க. ஹாக்கியில நல்லா இருக்கிறவன் குனிஞ்சு ஸ்டிக்கைத் தரையில வச்சு பந்தை வாங்குவான், தொடை பின்பக்கம் இறுக ஆரம்பிச்சா நிமிர்ந்து நின்னுக்கிட்டே வாங்குவான். ரெண்டு கையால குனிஞ்சு பண்ண வேண்டிய டேக்கிளை ஒரு கையில ஸ்டிக்கை நீட்டி முடிச்சுக்குவான். ஓடும்போது எட்டி வைக்கிற அடி சின்னதாகும், பந்து வெளிய போனதும் கை தானா தொடைக்குப் பின்னாடி போகும். முன்னாடி ஓடும்போது ஒண்ணும் தெரியாது, பின்னாடி திரும்பி வர்ற ஓட்டத்துல தெரிஞ்சுடும். இதுல ரெண்டு கண்ணுல பட்டுச்சுன்னா பேச்சே வேண்டாம், கூப்பிட்டு உட்கார வைங்க. இன்டர்நேஷனல் டீமுக்கு ஜிபிஎஸ் வெஸ்ட் இருக்கு, பெஞ்சுல உட்கார்ந்தே யாரு எவ்வளவு ஓடினான்னு பார்க்கலாம், நமக்கு கண்ணுதான் ஜிபிஎஸ்.

இதுக்கு மேல ஒண்ணு, நான் இந்தப் பத்தி முழுக்க திரும்பத் திரும்ப சொல்லப் போறது இதைத்தான்: கடைசி ஆறு நிமிஷத்துல எடுக்கிற முடிவுன்னு நாம நினைக்கிறதை உண்மையில மூணாவது குவார்ட்டர்லயே எடுத்தாகணும். ஹாக்கியில எத்தனை தடவை வேணும்னாலும் ஆளை மாத்தலாம், வெளிய போனவன் திரும்ப வரலாம். இந்த வசதி கிரிக்கெட்ல இல்ல, ஃபுட்பால்ல இல்ல. மூணாவது குவார்ட்டர்ல உங்க சென்டர் ஹாஃபை ரெண்டு தடவை வெளிய கூப்பிட்டு தண்ணி குடுத்து உட்கார வச்சிருந்தா அவன் தொடை அந்த நேரத்துல அப்படி இறுகியிருக்க வாய்ப்பு கம்மி. களைச்ச தசைதான் கிழியும், அதனாலதான் இந்த ஹாம்ஸ்ட்ரிங் காயமெல்லாம் பாதிக்குப் பாதி கடைசி நேரத்துக்குன்னே காத்திருந்து வர்ற மாதிரி இருக்கு. நம்ம ஸ்கூல் டீமுங்கள்ல பெஸ்ட் பிளேயர்னா அறுபது நிமிஷமும் வெளிய வராம ஆடணும்னு ஒரு எண்ணம், வெளிய கூப்பிட்டா பையனுக்கே மூஞ்சி சுண்டிடுது, பெத்தவங்க கேலரியிலேர்ந்து கத்துறாங்க. டோர்னமென்ட் தொடங்குறதுக்கு முன்னாடியே எல்லாரையும் கூப்பிட்டு, உட்கார்றது தண்டனை இல்ல, அது பிளான்னு சொல்லிடுங்க. பையனோட அப்பா அம்மாவை ஒரு தடவை நேர்ல போய் பாருங்க, அவனோட பிசியோ, ஓய்வு இதெல்லாம் சரியா நடக்குதான்னு விசாரிங்க, அதுக்கு அப்புறம் அவங்க குத்தம் சொல்ல மாட்டாங்க.

கேள்வி: பாரிஸ் ஒலிம்பிக் செமிஃபைனல்ல ஜெர்மனிகிட்ட 2-3ன்னு பின்னாடி இருந்தப்போ ஸ்ரீஜேஷை வெளிய எடுத்தாங்களே, உலகத்துலயே பெஸ்ட் கீப்பரை எடுத்துட்டு வெறும் கோல் போஸ்டை வச்சு ஆடுறது தற்கொலை இல்லையா? (சேலம் வாசகர்)

பதில்: இல்லைங்க. அதுதான் சரியான முடிவு, நான் இருந்தாலும் அதையே பண்ணியிருப்பேன்.

நாக் அவுட் மேட்ச்ல 2-3ன்னு தோக்கிறதும் 2-5ன்னு தோக்கிறதும் ஒண்ணுதான், வீட்டுக்குப் போறதுல வித்தியாசம் கிடையாது (அன்னிக்கு வெண்கல மேட்ச்சுக்குப் போறதுல). ஸ்ரீஜேஷ் எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் நம்ம போஸ்டுக்குள்ள நின்னுக்கிட்டு எதிர்ப்பக்கம் கோல் போட முடியாது. அவரை எடுத்துட்டு ஒரு ஃபீல்டு பிளேயரை இறக்கினா பதினோரு பேரும் பந்தைத் தேடலாம், அவங்க பத்து பேர்தான். அந்த கடைசி நேரத்துல ஷம்ஷேருக்கு ஒரு வாய்ப்பு வந்துச்சே, பந்து மேல போயிடுச்சு, அது கொஞ்சம் கீழ வந்திருந்தா இன்னிக்கு இந்தக் கேள்வியையே நீங்க வேற மாதிரி கேட்டிருப்பீங்க. டோக்கியோ ஒலிம்பிக்ல நம்ம கூட ஆடின வெண்கல மேட்ச்ல 4-5ன்னு பின்தங்கின ஜெர்மனியும் இதையேதான் பண்ணுச்சு, கீப்பரை எடுத்துட்டு அமுக்கு அமுக்குன்னு அமுக்கி ஆறு ஏழு விநாடி இருக்கும்போது பெனால்டி கார்னர் (டிக்குள்ள தப்பு நடந்தா எதிராளிக்குக் கிடைக்கிற கோல் வாய்ப்பு) வாங்கினாங்க, ஸ்ரீஜேஷ் தடுக்கலைன்னா ஒலிம்பிக் பதக்கத்துக்கான நம்ம 41 வருஷ காத்திருப்பு இன்னும் நீண்டிருக்கும்.

ஆனா எல்லா மேட்ச்லயும் இது செல்லாது. லீக் மேட்ச்ல கோல் வித்தியாசம் கணக்குல வரும், மேல சொன்ன 2023 குரூப் மாதிரி. அங்க கீப்பரை எடுத்து ரெண்டு கோல் கூட வாங்கினா அது அடுத்த சுற்றையே கெடுத்துடும். இன்னொரு சிக்கல் பலருக்குத் தெரியாது: கீப்பர் வெளிய இருக்கிற நேரத்துல உங்களுக்கு எதிரா பெனால்டி கார்னர் குடுத்துட்டா அந்த கார்னர் முடியுற வரைக்கும் அவரைத் திரும்ப இறக்க முடியாது, மாஸ்க் போட்ட ஃபீல்டு பிளேயர்தான் அந்த டிராக் ஃப்ளிக்கை (பந்தை ஸ்டிக்கால இழுத்து வேகமா வீசுற ஷாட்) எதிர்த்து நிக்கணும். அந்த நேரம் அங்க நிக்கிறவன் உடம்புக்கு வர்ற ஆபத்து உண்மையான ஆபத்து. ஸ்கூல், காலேஜ் லெவல்ல கீப்பரை எடுக்கிற கோச்சுங்க இதை ஒரு தடவை யோசிச்சுட்டு எடுங்க.

கேள்வி: ஹர்மன்பிரீத் டிஃபெண்டர்தானே, கடைசி குவார்ட்டர்ல அவரை எடுத்துட்டு வேகமான ஆளைப் போடலாமே? பாவம் மனுஷன் மூச்சு வாங்குறாரு. (மதுரை கல்லூரி மாணவி)

பதில்: போடலாம்மா, ஆனா பெனால்டி கார்னர் எந்த விநாடி வரும்னு யாருக்கும் தெரியாதே. ரூல் என்னன்னா கார்னர் குடுத்த பிறகு ஆள் மாத்த முடியாது. அவர்தான் நம்ம டிராக் ஃப்ளிக்கர், அந்த நேரம் பெஞ்சுல தண்ணி குடிச்சுட்டு இருந்தார்னா அங்கேயே உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். பாரிஸ்லயே பாருங்க, நியூசிலாந்து மேட்ச்ல 59வது நிமிஷம் பெனால்டி ஸ்ட்ரோக் போட்டு 3-2ன்னு ஜெயிக்க வச்சாரு, அடுத்து அர்ஜென்டினா மேட்ச்ல தோத்துட்டோம்னு நினைச்சப்போ மறுபடியும் 59வது நிமிஷம் கார்னர்ல போட்டு 1-1. மொத்தம் 10 கோல், அந்த ஒலிம்பிக்லயே அதிகம். அவர் உள்ள இருக்கிறதே எதிராளிக்கு ஒரு பயம், டிக்குள்ள காலைத் தயங்கித் தயங்கி வைப்பாங்க.

இதுக்கு சரியான வழி, டீம்ல ரெண்டு ஃப்ளிக்கர் வச்சுக்கிட்டு ஒருத்தர் உட்கார்ந்தா ஒருத்தர் நிக்கிறது. டோக்கியோவுல ரூபிந்தரும் ஹர்மன்பிரீத்தும் இருந்தாங்க, அந்த வெண்கல மேட்ச்ல ரெண்டு பேருமே கோல் போட்டாங்க. பாரிஸ்ல ரெண்டாவது ஃப்ளிக்கர்னா அமித் ரோஹிதாஸ். அவர் காலிறுதியில பிரிட்டன் மேட்ச்ல 17வது நிமிஷத்துல ரெட் கார்டு வாங்கி வெளிய போயிட்டாரு, மிச்சம் நாப்பது நிமிஷத்துக்கு மேல பத்து பேர் ஆடி 1-1ன்னு நிறுத்தி ஷூட்அவுட்ல 4-2ன்னு ஜெயிச்சாங்க, அது என்னைக் கேட்டா பதக்கத்தை விட பெரிய விஷயம். ஆனா அதுக்கான விலையை செமிஃபைனல்ல குடுத்தோம். ரோஹிதாஸுக்கு ஒரு மேட்ச் தடை. அவர் வெறும் டிஃபெண்டர் இல்ல, எதிராளி கார்னர் எடுக்கும்போது கோல் லைன்லேர்ந்து முதல்ல பாய்ஞ்சு ஓடுற ஆளும் அவர்தான். அவர் இல்லாத மேட்ச்ல ஜெர்மனியோட பெய்லாட் கார்னர்ல கோல் போட்டாரு. அந்த முதல் ஓட்டம் இருக்கே, மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல வர்ற பந்தை நோக்கி ஓடுற ஓட்டம், முட்டிக்கு பேடும் முகத்துக்கு மாஸ்க்கும்தான் பாதுகாப்பு. அதனாலதான் எந்த கோச்சும் தன்னோட மெயின் கோல் ஸ்கோரரை முதல் ஆளா ஓட விடுறதில்ல. ரோஹிதாஸ் மாதிரி ஆளுங்க பேரு ஹெட்லைன்ல வராது, ஆனா அவங்க இல்லாதப்போதான் தெரியும்.

கேள்வி: ஒரு கோல் முன்னாடி இருக்கோம், ரெண்டு நிமிஷம் பாக்கி. ஸ்டார் ஃபார்வர்டை எடுத்துட்டு இன்னொரு டிஃபெண்டரைப் போடுறது நல்லதா? (திருச்சி வாசகர்)

பதில்: எனக்குப் பிடிக்காது. டிக்குள்ள ஆளைக் குவிச்சா கால் குவியும், பந்து ஏதாவது ஒரு கால்ல பட்டா கார்னர். சிட்னி 2000 ஒலிம்பிக்ல நம்ம பாஸ்கரன் கோச்சா இருந்த டீம், போலந்து கூட 1-0ன்னு முன்னாடி, ஜெயிச்சா செமிஃபைனல், கடைசி ரெண்டு நிமிஷத்துக்குள்ள கோல் வாங்கி 1-1, எல்லாம் போச்சு. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு செமிஃபைனல்ல மலேசியா 59வது நிமிஷம் கார்னர்ல சமன் பண்ணி ஷூட்அவுட்ல நம்மளை வெளிய அனுப்புச்சு. இந்த மாதிரி நேரத்துல பந்தை எதிராளி கார்னர் கொடி பக்கம் எடுத்துட்டுப் போய் ஸ்டிக்குக்கு அடியில ஒளிச்சு வச்சுக்கிட்டு ஃப்ரீ ஹிட் வாங்குற ஆள்தான் வேணும், அந்தத் திறமை ஸ்டார் ஃபார்வர்டுக்குத்தான் இருக்கும். அவன் கால் நல்லா இருந்தா உள்ளேயே இருக்கட்டும். கால் சரியில்லைன்னா முதல் கேள்வியோட பதிலைப் படிங்க.

கேள்வி: க்ரீன் கார்டு வாங்கின ஸ்டாரை கடைசியில ஆட வைக்கலாமா?

பதில்: க்ரீன்னா ரெண்டு நிமிஷம்தான், அதுவரைக்கும் பத்து பேர். எல்லோன்னா குறைஞ்சது அஞ்சு நிமிஷம், கடைசி அஞ்சு நிமிஷத்துல வாங்கினா மேட்ச்சே முடிஞ்சுடும். கோவத்துல கொதிக்கிறவன்னா ரெண்டு நிமிஷம் முடிஞ்சதும் உடனே அனுப்பாம இன்னும் ஒரு நிமிஷம் பக்கத்துல உட்கார வச்சுட்டு அனுப்புங்க.

கேள்வி: சென்னையில ஜூனியர் உலகக்கோப்பை வெண்கல மேட்ச்சை எழும்பூர் ஸ்டேடியத்துல நேர்ல பார்த்தேன், 0-2லேர்ந்து 4-2. பின்தங்கியிருக்கும்போது ஸ்டாரை கடைசி குவார்ட்டர் முழுக்க வெளிய எடுக்காம ஆட வைக்கிறதுதானே சரி?

பதில்: குடுத்து வச்சவர் நீங்க. 2025 டிசம்பர்ல அந்த மேட்ச், ஸ்ரீஜேஷ் கோச், அர்ஜென்டினா முன்னாடி, நாலு கோலும் கடைசி குவார்ட்டர்லதான் விழுந்துச்சு. அதே மைதானத்துல 2023 ஆகஸ்ட்ல ஆசிய சாம்பியன்ஸ் டிராஃபி ஃபைனல்ல மலேசியாகிட்ட 1-3லேர்ந்து 4-3ன்னு சீனியர் டீம் ஜெயிச்சதையும் நம்ம ஊர் ஜனங்க பார்த்தாச்சு, அரியலூர் கார்த்தி செல்வமும் அந்த டீம்ல இருந்தாரு.

ஆனா நீங்க எடுத்த முடிவு சரியில்ல. டர்ஃப்ல பதினஞ்சு நிமிஷம் முழு வேகத்துல யாராலயும் ஓட முடியாது, சென்னை புழுக்கத்துல சத்தியமா முடியாது. பத்தாவது நிமிஷத்துல அந்த ஸ்டார் மூச்சு வாங்கிட்டு நிப்பாரு, பேருக்கு உள்ள இருப்பாரு, அவர் பக்கமாவே எதிராளி கவுன்டர் போவான். குவார்ட்டர் தொடக்கத்துல ஒரு தடவை ரெண்டு நிமிஷம் உட்கார வச்சு கடைசி ஆறு ஏழு நிமிஷத்துக்கு முழு வேகத்தோட அனுப்புறதுதான் லாபம். பின்னாடி இருக்கும்போது அதைச் செய்ய கோச்சுக்கு தைரியம் வேணும், கூட்டம் கத்தும், கத்தட்டும்.

கேள்வி: என் பையனுக்கு பதினாலு வயசு. முட்டி வீங்கியிருக்கு, ஃபைனல்ல கடைசி குவார்ட்டர் மட்டும் ஆடட்டும்னு கோச் சொல்றாரு. போன வருஷம் தலையில பந்து பட்டப்பவும் அஞ்சு நிமிஷம் கழிச்சு திரும்ப இறக்கினாங்க. எனக்கு பயமா இருக்கு, வேண்டாம்னு சொன்னா டீம்லேர்ந்து எடுத்துடுவாங்களோன்னும் இருக்கு. (பெயர் வேண்டாம்னு கேட்டுக்கிட்ட ஒரு அம்மா)

பதில்: அம்மா, வேண்டாம்னே சொல்லுங்க. மேல நான் ஒலிம்பிக், உலகக்கோப்பைன்னு பேசினதெல்லாம் வளர்ந்த ஆளுங்களுக்கு, கூடவே டாக்டரும் பிசியோவும் ஸ்கேன் மெஷினும் இருக்கிற டீமுக்கு. பதினாலு வயசுல எலும்பு வளர்ந்துட்டே இருக்கு, வீங்கின முட்டியில ஆட வச்சு அது மோசமாச்சுன்னா அவன் பதினெட்டு வயசுல ஆட வேண்டிய ஹாக்கியை இப்பவே செலவு பண்றோம்னு அர்த்தம். எந்த ஸ்கூல் ஃபைனலும் அந்த விலைக்கு பெறாது. கடைசி குவார்ட்டர் மட்டும்ங்கிறது இன்னும் மோசம், உடம்பு சூடாகாம பெஞ்சுலேர்ந்து எழுந்து நேரா மேட்ச்சோட வேகமான நேரத்துல இறங்குவான்.

தலையில பந்து பட்டதுல பேச்சுக்கே இடமில்ல. மயக்கம், தலைவலி, வாந்தி வர்ற மாதிரி, கேட்டதையே திரும்பக் கேக்கிறது, வெளிச்சம் கூசுறது, இதுல எது இருந்தாலும், ஏன் சந்தேகம் இருந்தாலே, அன்னிக்கு திரும்ப இறக்கக் கூடாது, டாக்டர் பார்த்து சரின்னு சொன்ன பிறகுதான் ஸ்டிக்கை எடுக்கணும். இது பெரிய டீமுக்கும் பொருந்தும், சின்ன டீமுக்கும் பொருந்தும், 0-0க்கும் பொருந்தும்.

கோச்கிட்ட தனியா போய் சண்டை போடாதீங்க. எலும்பு டாக்டர்கிட்ட காட்டி எத்தனை நாள் ஓய்வுன்னு ஒரு சீட்டுல எழுதி வாங்குங்க, அதை பி.டி. மாஸ்டர்கிட்டயும் ஹெட்மாஸ்டர்கிட்டயும் ஒரே நேரத்துல குடுங்க, கையில எழுத்து இருந்தா யாரும் வற்புறுத்த மாட்டாங்க. பையனை மேட்ச்சுக்கு கூட்டிட்டுப் போங்க, ஜெர்ஸி போட்டுக்கிட்டு பெஞ்சுல டீமோட உட்காரட்டும். அப்படியும் டீம்லேர்ந்து எடுத்தா எனக்கு மறுபடி எழுதுங்க, உங்க மாவட்டத்துல யார்கிட்ட சேர்க்கலாம்னு விசாரிச்சு சொல்றேன்.